இஎஸ்பி32-வ்ரூம்-32இ, 32யூஇ: ஆன்டெனாவையும் சேர்த்து ஒரு மதிப்பீடு

எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இந்த இரண்டு வைஃபை மாட்யூல்களை (சில்லும் ரேடியோ பாகங்களும் சேர்ந்த, போர்டில் பொருத்தும் சின்னப் பலகைகளை) பற்றி ஏற்கெனவே நிறைய பேர் எழுதியிருக்கிறார்கள். ஃபிளாஷ் எவ்வளவு, எத்தனை பின், எந்த மென்பொருள் ஓடும் என்பதெல்லாம் அவற்றில் கிடைக்கும். நான் எழுதப் போவது வேறு ஒரு பக்கத்தைப் பற்றி: இந்த மாட்யூலை ஒரு பெட்டிக்குள் வைத்து, பொருளாக விற்கும்போது ஆன்டெனாவும் சட்டமும் எங்கே வந்து நிற்கின்றன என்பது. குளிர்பதன அறைகளின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவிகள் செய்வது என் வேலை. ஒரு கருவி பிளாஸ்டிக் பெட்டியில் போகிறது, அதில் 32இ. இன்னொன்று முழு உலோகப் பெட்டி, அதில் 32யூஇ. இரண்டையும் சான்றிதழ் சோதனை வரை கொண்டு போயிருக்கிறேன்.

உள்ளே இருப்பது ஒரே சில்லு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, புளூடூத் இரண்டும் உண்டு. பின் அமைப்பும் ஒன்றே. வித்தியாசம் நீளத்தில் தெரியும். 32இ 25.5 மி.மீ., 32யூஇ 19.2 மி.மீ. அந்தக் கூடுதல் 6.3 மி.மீ.தான் ஆன்டெனா, பச்சைப் பலகையில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடு. 32யூஇயில் அந்தப் பகுதி இல்லை, பதிலாக மூலையில் ஒரு சின்ன வட்டக் கனெக்டர். ஆன்டெனாவை நாம்தான் கொண்டு வர வேண்டும்.

முதலில் 32இ. நம் போர்டின் ஓரத்தில் மாட்யூலை வைத்து, ஆன்டெனா பகுதி போர்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அமைக்கச் சொல்கிறது தயாரிப்பாளரின் வழிகாட்டி. அப்படி முடியாவிட்டால் ஆன்டெனாவின் கீழே இருக்கும் போர்டை வெட்டிவிட்டு, எல்லாப் பக்கமும் 15 மி.மீ. செம்பு, உலோகம், பாகங்கள் எதுவும் இல்லாமல் விட வேண்டும். இந்த 15 மி.மீ.யைப் பலர் அச்சடித்த அறிவுரையாக மட்டும் பார்க்கிறார்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 செ.மீ.; அதில் எட்டில் ஒரு பங்குதான் 15 மி.மீ. அந்தத் தூரத்துக்குள் இருக்கும் எந்த உலோகமும் ஆன்டெனாவின் ஒரு பகுதியாகவே நடந்துகொள்ளும். என் பெட்டியில் பேட்டரியை ஆன்டெனாவுக்குப் பின்னால் வைத்து ஒரு தடவை, போர்டின் மறுகோடியில் வைத்து ஒரு தடவை பார்த்தேன். பெட்டி அதே இடம், ரவுட்டர் அதே இடம். சிக்னல் அளவு நன்றாகவே ஏறியது. அதற்கப்புறம் பெட்டி வரையும்போது நான் முதலில் போடும் கோடு ஆன்டெனாவின் காலியிடம்தான். பேட்டரி, டிஸ்பிளே, ஸ்க்ரூ எல்லாம் அதைச் சுற்றித்தான் இடம் பிடிக்க வேண்டும்.

பிளாஸ்டிக்கிலும் கவனம் வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் நல்லது, ஆனாலும் ஆன்டெனாவை ஒட்டி வந்தால், ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண்ணைக் கீழே இழுக்கும். மூடிக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் காற்று இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கரி கலந்த கறுப்பு பிளாஸ்டிக், உலோகத் துகள் கலந்த பெயின்ட் இரண்டையும் ஆன்டெனா பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது. அழகுக்காக வெள்ளி நிற பெயின்ட் கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரிய வைத்திருக்கிறேன்.

சரி, சான்றிதழ். 32இயின் உலோக மூடியில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) தந்த அடையாள எண் அச்சடித்திருக்கும். அமெரிக்க விதி 15.212இன்படி மாட்யூலாகத் தனியே ஒப்புதல் வாங்கியது என்று அர்த்தம். அந்த ஒப்புதல் சும்மா கிடைப்பதில்லை. மாட்யூலுக்குச் சொந்தமாகக் கவசம், சொந்தமாக மின் சீராக்கம், உள்ளே வரும் தரவுக்கு இடைத்தாங்கி எல்லாம் இருக்க வேண்டும். எந்தப் பெட்டியிலும் வைக்காமல் தனியாக நின்று சோதனையில் தேற வேண்டும். அப்படித் தேறிய மாட்யூலை நாம் வைத்தால், பெட்டிக்கு வெளியே 'இதனுள் இந்த எஃப்சிசி எண் கொண்ட மாட்யூல் உள்ளது' என்று லேபிள் ஒட்டினால் போதும். ரேடியோ பகுதிக்கு மறுபடி ஒப்புதல் வேண்டாம்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். 'மாட்யூலுக்குச் சான்றிதழ் இருக்கு, சோதனையே வேண்டாம்' என்று நேரில் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. அது பாதிதான் உண்மை. நம் போர்டில் இருக்கும் சுவிட்சிங் ரெகுலேட்டர், டிஸ்பிளே கேபிள், சென்சார் வயர் எல்லாம் வேண்டாத அலையை வெளியே விடும். அதற்கான சோதனையை (எஃப்சிசி விதிகளில் பகுதி 15பி) நாம்தான் செய்ய வேண்டும், மாட்யூல் அனுப்பிக்கொண்டிருக்கும் நிலையிலேயே செய்ய வேண்டும். இது மாட்யூலின் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வாங்குகிறவர் கணக்கில் இந்தச் செலவு முதலிலேயே இருக்க வேண்டும்.

அந்தச் சான்றிதழ் சில்லுக்கு மட்டும் தந்ததல்ல. சில்லும் ஆன்டெனாவும் சேர்ந்த ஜோடிக்குத் தந்தது. 32இயில் ஆன்டெனா மாட்யூலோடு ஒட்டியே வருவதால் ஜோடி பிரியாது. அதனால்தான் எனக்கு 32இ பிடிக்கும். அந்த ஆன்டெனா பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், சுமார் ரகம்தான். ஆனால் சோதனைக் கூடத்தில் தேறிய அதே செம்புக் கோடுதான் என் பெட்டிக்குள்ளும் இருக்கிறது, அதை யாராலும் மாற்ற முடியாது.

உலோகப் பெட்டி என்று வரும்போது 32இக்கு வழியே இல்லை. உலோகத்துக்குள் ஆன்டெனாவை மூடி வைத்தால் அலை வெளியே வராது; மூடியில் பிளாஸ்டிக் ஜன்னல் வெட்டினாலும் கிடைக்கும் தூரம் குறைவு. அங்கே 32யூஇ வேண்டும். அதன் கனெக்டர் ஹிரோசேயின் யு.எஃப்.எல்., ஐ-பெக்ஸின் எம்எச்எஃப்1 வகைகளோடு பொருந்தும். அதைவிடச் சின்ன எம்எச்எஃப்4 கேபிள் பார்வைக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மாட்டாது. அழுத்தினால் நடு ஊசி வளையும். யு.எஃப்.எல். கனெக்டரைக் கழற்றி மாட்டத் தரப்பட்டிருக்கும் அளவு 30 தடவை. அதனால் சோதனைக்கென்று ஒரு போர்டை ஒதுக்கி, எல்லா ஆன்டெனாவையும் அதிலேயே மாட்டிப் பார்ப்பேன். விற்பனைக்குப் போகும் போர்டில் ஒரே தடவை மாட்டி, மேலே ஒரு துளி பசை.

கேபிள் நீளத்தையும் அசட்டையாக விடக் கூடாது. 1.13 மி.மீ. தடிமன் உள்ள மெல்லிய கோஆக்ஸ் கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு மூன்று டெசிபலுக்கு மேல் விழுங்கும். மூன்று டெசிபல் என்றால் பாதி பவர் போச்சு. பத்து சென்டிமீட்டர் கேபிளில் இது பொருட்டே இல்லை. பெட்டி ஒரு பக்கம், ஆன்டெனா சுவரின் மறுபக்கம் என்று கேபிளை நீட்டினால், நல்ல ஆன்டெனாவுக்குக் கொடுத்த காசு கேபிளிலேயே கரைந்துவிடும்.

ஒரு பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டிக்கு 32யூஇயோடு ஒட்டும் வகை ஆன்டெனா ஒன்றையும் பார்த்தேன். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்பு பதித்து, பின்னால் பசை உள்ளது. ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு பவர் திரும்பி வருகிறது என்று வளைவாகக் காட்டும், 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் நானோ விஎன்ஏ கருவி வைத்து அளந்தேன். வளைவில் பள்ளம் விழும் இடம்தான் ஆன்டெனா ஒத்திசையும் அதிர்வெண். மேசையில் காற்றில் பிடித்திருக்கும்போது வளைவின் பள்ளம் 2.5 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. ஆன்டெனா மோசம் என்று அங்கேயே தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். தாளை உரித்து 2 மி.மீ. ஏபிஎஸ் சுவரில் ஒட்டியதும் பள்ளம் நகர்ந்து 2.45க்கு வந்து நின்றது. இந்த வகையை வடிவமைப்பதே பிளாஸ்டிக்கில் ஒட்டுவதற்குத்தான். சுவரின் தடிமனும் கணக்கில் சேர்ந்தது. மூடியைப் போட்டு, உள்ளே பேட்டரியையும் வைத்து மறுபடி அளந்தபோது பள்ளம் இன்னும் கொஞ்சம் கீழே போனது, ஆழமும் குறைந்தது. இருந்தாலும் பட்டை முழுக்க நிலை அலை விகிதம் 2க்குள் இருந்தது. 2 என்றால் சுமார் 11 சதவீதப் பவர் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதை 1.2 ஆக்க யாரும் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஆன்டெனாவை எப்போதும் மூடி போட்ட பெட்டியில், எல்லாப் பாகமும் உள்ளே இருக்கும்போது அளக்க வேண்டும். மற்ற அளவுகள் எல்லாம் ஒரு யோசனைக்கு உதவும், அவ்வளவே.

கனெக்டர் இருப்பதால் எந்த ஆன்டெனாவையும் மாட்டலாமா? மாட்டக் கூடாது. எஃப்சிசி விதி 15.203 சொல்வது: பொறுப்பாளர் கொடுத்த ஆன்டெனாவைத் தவிர வேறொன்றை மாட்ட முடியாதபடி கருவி இருக்க வேண்டும். ஒன்று நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் சாதாரணமாகக் கிடைக்காத கனெக்டர் வேண்டும். வைஃபை கருவிகளில் ஊசி மாறிய எஸ்எம்ஏ கனெக்டர் பரவியதே இதனால்தான். விதி 15.204 கொஞ்சம் தளர்வு தருகிறது: சான்றிதழில் உள்ள ஆன்டெனாவின் அதே வகை, அதே கெயின் (ஒரு திசையில் அலையைக் குவிக்கும் அளவு) அல்லது அதற்குக் குறைவு என்றால், வேறு கம்பெனியின் ஆன்டெனாவை மறு ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்தலாம். 'அதே வகை' என்பதைக் கவனியுங்கள். சான்றிதழில் டைபோல் (இரண்டு கை கொண்ட சாதாரணக் கம்பி வகை) இருந்தால் குறைந்த கெயின் உள்ள இன்னொரு டைபோல் சரி. தட்டையான பேட்ச் ஆன்டெனா கெயின் குறைவாக இருந்தாலும் சேராது, ஏனென்றால் அலை பரவும் விதமே வேறு. அந்த வழியில் போனால் சான்றிதழ் வைத்திருப்பவர் அனுமதி மாற்ற விண்ணப்பம் போட வேண்டும், அல்லது நாம் நம் பெயரில் தனி எண் வாங்க வேண்டும்.

எந்த ஆன்டெனாவோடு சோதித்தார்கள் என்று தெரிய டேட்டாஷீட்டோடு நிற்காதீர்கள். எஃப்சிசியின் தேடல் பக்கத்தில் நிறுவனக் குறியீட்டையும் மாட்யூல் எண்ணையும் போட்டால் சோதனை அறிக்கை, படங்கள், ஒப்புதல் தாள் எல்லாம் வரும். ஆன்டெனாவின் வகையும் கெயினும் அறிக்கையின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கும். நான் மாட்யூலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு படிக்கும் ஆவணம் அதுதான். எஸ்பிரெசிஃப் சான்றிதழ்களைத் தன் தளத்தில் மாட்யூல் வாரியாக அடுக்கி வைத்திருப்பது பெரிய உதவி. சோதனைக் கூடம் கேட்டதும் கோப்பை எடுத்து நீட்ட முடிகிறது.

இப்போது கெயின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஒரு விற்பனையாளர் எனக்கு '9 டிபிஐ' என்று எழுதிய ரப்பர் ஆன்டெனாவை அனுப்பினார். டிபிஐ என்பது கெயினை அளக்கும் அலகு. நீளம் ஒரு சாண்கூட இல்லை. டேட்டாஷீட் கேட்டேன், வரவில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸில் அரை அலை டைபோல் சுமார் 6 செ.மீ., அதன் கெயின் 2.15 டிபிஐ. எல்லாத் திசையிலும் பரவும் ஆன்டெனாவில் 9 டிபிஐ வேண்டுமென்றால் பல துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். நீளம் அரை மீட்டர் அளவுக்குப் போகும். கையில் இருந்தது 2 அல்லது 3 டிபிஐக்கு மேல் தர வழியில்லை.

அதிகமாகத்தானே சொன்னார்கள், நமக்கென்ன என்று விட முடியாது. ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இஎன் 300 328 தரநிலை வைத்திருக்கும் எல்லை 20 டிபிஎம் இஐஆர்பி, அதாவது ஆன்டெனா கெயினையும் சேர்த்து 100 மில்லிவாட். சோதனைக் கூடம் கேபிளில் பவரை அளந்து, நாம் எழுதிக் கொடுத்த கெயினை அதோடு கூட்டும். இந்த மாட்யூல் வைஃபையின் பழைய 11பி முறையில் 19.5 டிபிஎம் வரை கொடுக்கும். 2 டிபிஐ ஆன்டெனா என்றால் 18க்கு இறக்க வேண்டும். தாளில் 9 டிபிஐ என்று இருந்தால் 11 டிபிஎம்முக்கு இறக்க வேண்டும். நிஜத்தில் 2 டிபிஐதான் தரும் ஆன்டெனாவுக்கு 11 டிபிஎம்! பொய்யான கெயின் நம் தூரத்தைத்தான் வெட்டுகிறது. கெயின் வரைபடம், சோதனை அறிக்கை இல்லாத ஆன்டெனாவை நான் இப்போது மாதிரிக்குக்கூட வாங்குவதில்லை.

உண்மையிலேயே அதிக கெயின் உள்ள ஆன்டெனா ஐரோப்பாவில் அனுப்பும் பக்கம் எதையும் கூட்டாது, எல்லை ஒன்றுதான். ஆனால் பெறும் பக்கம் உதவும். தூரத்து ரவுட்டரின் சத்தம் தெளிவாகக் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, 'கெயின் கூடினால் தூரம் கூடும்' என்று வாங்குவது வேறு.

அமெரிக்க விதி 15.247 தாராளமானது: 1 வாட், அதோடு 6 டிபிஐ வரை ஆன்டெனா. அதைப் படித்துவிட்டு, 'நம் மாட்யூல் 100 மில்லிவாட்தான், 6 டிபிஐ போட்டால் யார் கேட்கப் போகிறார்கள்?' என்பவர்கள் பட்டையின் ஓரத்தைப் பார்ப்பதில்லை. 2483.5 மெகாஹெர்ட்ஸோடு வைஃபை பட்டை முடிகிறது. அடுத்த கணமே, 2500 வரை, தடைப்பட்டை. அதற்குள் கசியும் அலை 3 மீட்டர் தூரத்தில் சராசரியாக மீட்டருக்கு 54 டிபி மைக்ரோவோல்ட்டைத் தாண்டக் கூடாது. பதினொன்றாம் சேனல் அந்த ஓரத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கேதான் எப்போதும் இழுபறி. கெயின் கூடினால் வேண்டிய அலை எவ்வளவு ஏறுமோ அவ்வளவு கசிவும் ஏறும். மொத்தப் பவர் எல்லைக்குள் நிற்கும், ஓரம் தோற்கும். ஓர சேனல்களில் மட்டும் பவரைக் குறைத்து வைக்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

பவரைக் குறைக்கும் வேலையில் இந்த மாட்யூல் நன்றாகவே ஒத்துழைக்கிறது. மென்பொருளில் அதிகபட்சப் பவரைப் படிப்படியாகக் குறைத்து வைக்கலாம், நாட்டுக் குறியீடு வைத்துச் சேனல்களை அடைக்கலாம். சோதனைக் கூடத்துக்கென்றே ஒரு சேனலில் நிறுத்தித் தொடர்ந்து அனுப்ப வைக்கும் தனி மென்பொருளையும் எஸ்பிரெசிஃப் தருகிறது. இது இல்லாத மாட்யூலோடு சோதனைக் கூடத்தில் உட்கார்ந்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும், வேலை நடக்காது. ஒன்று மட்டும்: நாட்டையோ பவரையோ மாற்றும் பொத்தானை வாடிக்கையாளரின் திரையில் வைக்காதீர்கள். அமெரிக்காவில் அது கூடாது. மற்ற இடங்களிலும் நல்லதல்ல.

ஒப்புதல் தாளில் சின்ன எழுத்தில் இரண்டு நிபந்தனைகள் வரும். ஆன்டெனாவுக்கும் மனிதருக்கும் 20 செ.மீ. இடைவெளி; இன்னொரு டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்து வைக்கக் கூடாது. சுவரில் மாட்டும் என் கருவிக்கு முதல் நிபந்தனை பிரச்சினையே இல்லை. கையில் கட்டும், இடுப்பில் செருகும் கருவிக்கு இந்தச் சான்றிதழ் அப்படியே செல்லாது; உடல் உறிஞ்சும் அலையின் அளவைத் தனியாகக் காட்ட வேண்டும். இரண்டாவது எல்லாருக்கும் பொருந்தும். அதே பெட்டியில் மொபைல் நெட்வொர்க்குக்கான எல்டிஇ மோடம் ஒன்றும் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில் அனுப்பினால், இரண்டுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் இருந்தாலும் சேர்த்து மறுபடி மதிப்பிட வேண்டும்.

ஐரோப்பாவில் மாட்யூல் ஒப்புதல் என்று ஒன்று தனியாகக் கிடையாது. மாட்யூலின் அறிக்கைகள் நம் கோப்பில் ஆதாரமாகச் சேரும். ரேடியோ கருவிகளுக்கான 2014/53 உத்தரவின் கீழ், கருவி விதிகளுக்கு இணங்குகிறது என்ற பொறுப்பு அறிவிப்பில் கையெழுத்துப் போடுவது நாம்தான். 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தோடு பேசும் ரேடியோ கருவிகளுக்குச் சைபர் பாதுகாப்பும் அதில் சேர்ந்துவிட்டது. எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல், புதுப்பிக்க முடியாத மென்பொருள் எல்லாம் இனி நம் தலையில்தான். மாட்யூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நமக்காகச் செய்து தராது. ஜப்பானில் சான்றிதழே ஆன்டெனாவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும், அமெரிக்கத் தளர்வை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. இந்தியாவில் ரேடியோ அலைகளைக் கவனிக்கும் அரசுப் பிரிவான டபிள்யூபிசி தரும் இடிஏ என்ற கருவி ஒப்புதல் வேண்டும், அதற்கும் ரேடியோ சோதனை அறிக்கைதான் அடிப்படை.

என் தீர்ப்பு இது. பெட்டி பிளாஸ்டிக், ஆன்டெனாவுக்கு ஓரத்தில் இடம் உண்டு என்றால் 32இ வாங்குங்கள். தூரம் கொஞ்சம் குறைந்தாலும் ஆன்டெனா பற்றிய கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. உலோகப் பெட்டிக்கும், மாட்யூலை உள்ளே ஆழத்தில் வைக்க வேண்டிய இடத்துக்கும் 32யூஇ நல்ல மாட்யூல். ஆனால் அதை எடுப்பவர் ஆன்டெனா வகை, கெயின், கேபிள் நீளம், மூன்றுக்கும் தாள் வைத்திருக்க வேண்டும். 'பின்னால் தேவைப்பட்டால் பெரிய ஆன்டெனா மாட்டிக்கொள்ளலாம்' என்பதற்காக மட்டும் 32யூஇ எடுப்பவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

ஆர்டர் போடும்போது இன்னொரு கவனம். இரண்டும் பின்னுக்குப் பின் பொருந்துவதால், 32இ கையிருப்பு இல்லாதபோது போர்டு அசெம்பிளி செய்பவர்கள் 32யூஇயை மாற்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். மின்சுற்று வேலை செய்யும், ஆனால் ஆன்டெனா இருக்காது; எஃப்சிசி எண்ணும் வேறு, உங்கள் லேபிள் தப்பாகிவிடும். அதனால் பாகப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே 'மாற்று ஏற்கப்படாது' என்று எழுதி, முழு ஆர்டர் எண்ணையும் போட்டுவிடுங்கள்; 105 டிகிரி வரை தாங்கும் வகையும் 85 டிகிரி வகையும் அந்த எண்ணின் கடைசிப் பகுதியில்தான் பிரிகின்றன.